சுட்டியன்மேல் ஒரு வாக்கு

போன கிழமை இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்தீர்கள். "டீச்சர், சுகமில்லையா?" என்று ஒருவர் கல்முனைச் சந்தையில் வைத்தே கேட்டார். சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. எழுத உட்கார்ந்தேன்... வரவில்லை. அவ்வளவுதான்.

எங்கள் மாடு போய்விட்டது.

இதற்காகவா ஒரு கிழமை எழுதாமல் விட்டாய் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கும் தெரியும் – கல்முனையில் மாட்டுக்கா பஞ்சம்? வெள்ளிக்கிழமை விடிந்தால் இறைச்சிக் கடையில் தொங்குகிறது. நானும் வாங்குகிறேன். மிளகு அரைத்து ஆணம் ஆக்குகிறேன். சோற்றில் ஊற்றி ருசித்துத்தான் தின்கிறேன். இதையெல்லாம் ஒளிக்கிற ஆள் நானில்லை.

மாட்டிறைச்சி தின்கிற ஒருத்தி மாட்டுக்காக அழலாமா?

அழலாம். அழுதேன். அதைத்தான் இந்தக் கிழமை எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போங்கள், அங்கே சமையல் குறிப்பு இருக்கிறது.

அவன் பெயர் சுட்டியன். உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு சுட்டி. பெரிய உடம்புக்காரன் இல்லை. ஓட்டப் பந்தயத்துக்கு விட்டால் கடைசியாக வருவான், அதுவும் மனமிருந்தால் வருவான். ஒற்றை வண்டிலில் கட்டினால் மட்டும்... என்ன சொல்வது? அவன் போகிற வழியை அவனே போவான். கயிறு பிடிக்கிறவர் சும்மா ஒரு மரியாதைக்குப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கலியாணம் முடிந்த புதிது. புதிதாக டீச்சர் வேலையும் கிடைத்தது – எங்கே? கிட்டங்கி ஆற்றுக்கு அங்கால், நாவிதன்வெளிப் பக்கம், வயலுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பஸ் ஒன்று இருந்தது. இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பக்கம்தான் வயல். (பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எனக்கும் வெட்கம், அவருக்கும் வெட்கம்.) "நான் வயலுக்குப் போறதானே, உன்ன இறக்கி விட்டுட்டுப் போறன்" என்றார். வண்டில் இருந்தது. மாடுதான் இல்லை.

பாண்டிருப்பில் நல்லதம்பி அண்ணனிடம் ஒரு மாடு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவர் விரும்பி விற்கவில்லை. மகளுக்குச் சீதனமாக வீடு கட்ட வேண்டும், கட்டுவதற்கு இருந்த ஒரே இடம் மாட்டுக் கொட்டில் நின்ற இடம். நம் பக்கத்தில் பெண் பெற்றவர்கள் பாடு எந்தச் சாதி சமயத்திலும் ஒன்றுதானே.

விலை பேசி முடிந்தது. எங்கள் வீட்டுக்காரர் கயிற்றை வாங்கக் கையை நீட்டினார். நல்லதம்பி அண்ணன் கயிற்றை விடவில்லை.

"தம்பி, ஒரு சொல்லுத் தரணும்."

"சொல்லுங்க அண்ணன்."

"நடக்கிற காலம் நடக்கட்டும். ஏலாம வந்தா கட்டிப் போட்டு ரெண்டு பிடி வைக்கல் போடுங்க. கத்திக்கு மட்டும் குடுத்திராதீங்க. நீங்க தின்னுற ஆக்கள், நான் குறை சொல்லல்ல. இவன மட்டும் வேணாம்."

"வல்லாஹி, குடுக்க மாட்டன் அண்ணன்."

ஆணையிட்டுச் சொன்னார். அதிர்ந்து கதைக்காத மனிசர், முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம் அப்படி ஆணையிட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கயிறு கை மாறியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்ததும் வண்டில். ஊரைத் தாண்டி, சேனைக்குடியிருப்பைத் தாண்டி, ஆற்றுக்குக் குறுக்கே கல் போட்ட கிட்டங்கித் தாம்போதியில் ஏறி இறங்கினால் இரண்டு பக்கமும் வயல்.

உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடி வருவார். எங்கள் வீட்டிலோ உம்மா, வாப்பா, தங்கச்சிமார், அவர்களைப் பார்க்க வருகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் இவர் வாயைத் திறப்பாரா? சாப்பாடு போதுமா என்றால் தலையசைப்பார். ஆணம் உறைக்குதா என்றாலும் அதே தலையசைப்பு. இப்படி ஒரு ஊமையையா எனக்குப் பார்த்தீர்கள் என்று உம்மாவிடம் சண்டைக்குப் போகலாம் என்றுகூட யோசித்தேன்.

வண்டில் சேனைக்குடியிருப்பைத் தாண்டியதும் மனிசர் கதைக்கத் தொடங்கினார். வயல், வாய்க்கால், சின்ன வயதில் மரத்தால் விழுந்தது, என்னை முதல் கண்டபோது என்ன நினைத்தார்... எல்லாம். நாங்கள் புருசன் பெண்சாதி ஆனது அந்த வண்டிலில்தான். கேட்டுக்கொண்டு போனது சுட்டியன் ஒருவன். அவன் வெளியில் சொல்லவில்லை.

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. இவர் முதல் நாள் அங்கே இறங்கிப் பிளேன்டீ குடித்தார். இரண்டாம் நாளும் குடித்தார். அவ்வளவுதான் – சுட்டியன் அந்தக் கடையைச் சட்டமாக்கிவிட்டான். நேரம் போய்விட்டது, இன்றைக்கு வேண்டாம் என்றால் நடக்க மாட்டான். இறங்கிக் குடித்தால்தான் அடுத்த அடி. நோன்பு மாசத்தில் என்ன செய்வது? அப்போதும் நிற்பான். இவர் இறங்கிக் கடை வாசலில் சும்மா நின்றுவிட்டு வந்து ஏற வேண்டும். கடைக்காரர் ஒவ்வொரு நாளும் சிரிப்பார்: "மாட்டுக்கு நோம்பில்லயாக்கும்!"

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். கல் எது, பள்ளம் எது என்று தெரியாது. சுட்டியன் ஒரு காலை வைத்துப் பார்ப்பான். பிறகு மறு காலை வைப்பான். சரி என்றால் போவான். சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்பான், அடித்தாலும் போக மாட்டான். ஒருநாள் கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வருகிற நாள் பார்த்து நின்றுவிட்டான். நான் ஏசினேன் பாருங்கள் ஒரு ஏச்சு... மாட்டையும் ஏசினேன், மாட்டுக்காரரையும் ஏசினேன். "அவன் மாட்டன் எண்டா மாட்டான். கிறுகுவம்" என்று வண்டிலைத் திருப்பினார். தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிந்தது, நடுத் தாம்போதியில் ஒரு துண்டைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது.

பிறகு சூறாவளி வந்தது. அதைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

அன்றைக்கு இவர் சுட்டியனோடு வயல் வாடியில், காவலுக்குப் போட்ட தகரக் கொட்டிலில், தங்கியிருந்தார். நான் வீட்டில். காற்று நின்று விடிந்தபோது எங்கள் கூரை எங்கள் வீட்டில் இல்லை. தென்னை ஒன்றும் நிற்கவில்லை. ஊரில் ஆர் உயிரோடு, ஆர் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வயலுக்குப் போய்ப் பார்த்து வர ஆளில்லை, வழியுமில்லை. நான் வாசலில் நின்றேன். பகல் லுஹர் ஆனது, பின்னேரம் அஸர் ஆனது. மனிசர் மௌத்தாகிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். அழக்கூட வரவில்லை.

பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்கு முன்னால், விழுந்து கிடந்த தென்னைகளைச் சுற்றிச் சுற்றி ஒரு வண்டில் வந்தது. முன்னால் சுட்டியன். கயிறு நிலத்தில் இழுபட்டது. வண்டிலுக்குள் இவர் கிடந்தார் – தகரம் வெட்டிக் காலெல்லாம் இரத்தம். எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் வரல்ல புள்ள. அவன்தான் வந்தான்" என்றார்.

அந்த வழியில் அடையாளத்துக்கு ஒரு மரம் மிஞ்சியிருக்கவில்லை. எதைப் பார்த்து வந்தான்? எப்படித் தாம்போதியைத் தாண்டினான்? எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது நான் ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். இவர் வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். சுட்டியனுக்கும் வயதாகிவிட்டது. எப்போதாவது ஒரு சுமை வைக்கோல், அவ்வளவுதான் வேலை. மற்ற நேரம் கொட்டிலில் நின்று அசை போடுவான்.

நல்லதம்பி அண்ணன் இடைக்கிடை வந்து அவனைப் பார்த்துப் போவார். போன வருசத் தமிழ் – முஸ்லிம் கலவரத்தோடு அது நின்றது.

கலவரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில் மதில் ஒன்றும் இல்லை, நடந்து போகிற தூரம். இருந்தும் போக மாட்டோம், வர மாட்டார்கள். சந்தைக்கு இரண்டு பகுதியும் வருகிறோம். தராசைப் பார்க்கிறோம், சாமானைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்ப்பதில்லை.

இனிச் சுட்டியனின் கடைசிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்து விட்டிருந்தது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிற வழியில், மதகடியில் பின்கால் வழுக்கி விழுந்துவிட்டான். எழும்ப முடியவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து டிரக்டர் பெட்டியில் தூக்கிப் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கால் தொங்கியது. நான் ஒருமுறை பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

மிருக வைத்தியர் வந்தார். தொட்டுப் பார்த்தார். "எலும்பு முறிஞ்சு வெளிய வந்திட்டு. இந்த வயசில, இந்தப் பாரத்துக்கு இது ஒட்டாது. கிடந்து கிடந்து புழு வச்சுத்தான் சாகும். வதைக்காம முடிவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவு என்றால் என்ன முடிவு? நம் வீடுகளில் அதற்கு ஒரு வழிதான். பக்கத்து வீட்டு ஆதம்பாவா காக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நல்ல மனிசர். நல்லது கெட்டது எதற்கும் முதலில் வந்து நிற்கிறவர்.

"என்ன பாத்துட்டு இரிக்கீங்க? உசிரோட இரிக்கக்குள்ள பிஸ்மி சொல்லி அறுத்துப் போடுங்க. செத்துப் போனா ஹறாமாப் போயிரும், ஒருத்தருக்கும் உதவாது. நாலு ஏழை எளியது திண்டா உங்களுக்கும் நன்மை, மாட்டுக்கும் வேதனை தீரும்."

சரியான கதை. மார்க்கத்திலும் சரி, மனிசத்தனத்திலும் சரி. ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். முறைப்படி அறுக்கிற லெவ்வையை நான் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்றும் கேட்டார்.

"ஏலாது" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"என்ன ஏலாது?"

"அறுக்க ஏலாது. வாக்குக் குடுத்திரிக்கன்."

ஆதம்பாவா காக்கா என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்லிப் பாருங்கள் என்பது போல. சொல்லாமல் விடுவேனா?

"இஞ்ச பாருங்க, அவர் கேட்டது என்னத்துக்கு? இறைச்சிக்கு ஆசப்பட்டு அறுத்திரக் கூடாது எண்டுதானே? இப்ப இது அதா? வேதனையில கிடக்கான். கண்ணால பாருங்க."

"வாக்கில கால் உடைஞ்சா அறுக்கலாம் எண்டு இல்ல."

"இதென்ன கோடா, வழக்குப் பேச?"

சுட்டியனின் தலைமாட்டில் குந்தி, மொய்க்கிற இலையானை அவர் கலைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்:

"ஒரு வருசமா அவங்க எங்கள நம்பல்ல, நாங்க அவங்கள நம்பல்ல. எங்கட ஆக்கள் சொன்னதும் போச்சு, அவங்கட ஆக்கள் சொன்னதும் போச்சு. இந்த ஒரு சொல்லுத்தான் என்ட கையில மிச்சம் இரிக்கி புள்ள. இதையும் விடச் சொல்றயா?"

ஆனாலும் கேட்டேன்: "அப்ப அவரிட்டயே போய்க் கேளுங்க. நிலமையச் சொல்லுங்க. அறுங்க எண்டு சொல்லுவார்."

"சொல்லுவார். வாயால ஓம் எண்டு சொல்லுவார். மனசுக்குள்ள இவங்கட வாக்கு இவ்வளவுதான் எண்டு நினைக்க மாட்டாரா? குடுத்தவனே போய்த் திருப்பித் தாங்க எண்டு கேக்கிறது முறிக்கிறதுக்குச் சமன்."

அசைக்க முடியவில்லை. அதிர்ந்து கதைக்காத மனிசர் பிடிவாதம் பிடித்தால் அது வேறு மாதிரி. நான் கத்தினேன், அழுதேன், சோறு ஆக்காமல்கூட விட்டேன். அவர் பாட்டுக்குச் சாக்கை விரித்தார், வைக்கோலை அணை கொடுத்தார், வாயில் தண்ணீர் ஊற்றினார். சுட்டியன் தண்ணீரைக் குடித்தான். வேறு ஒன்றும் தொடவில்லை.

மறுநாள் சுபஹ் பாங்கு சொன்னது. இத்தனை வருசம் அந்தப் பாங்குக்கு எழும்பி வண்டிலடிக்குப் போய்ப் பழகியவன். அன்றும் எழும்பப் பார்த்தான். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்னால் அந்த உடைந்த காலையும் ஊன்றி... விழுந்தான். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சுபஹ் பாங்குக்கும் அதேபோல எழும்பப் பார்த்தான்.

போதும். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பினேன். சாரியைச் சுற்றி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பார். சந்தையைத் தாண்டி, மெயின் றோட்டால் வடக்கே நடந்தேன். பாண்டிருப்புக்குள் காலை வைத்ததும் ஒவ்வொரு கேற்றிலும் ஒரு தலை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பயமா? பயம்தான். பயத்தைக் காட்டினால் இன்னும் பயம் வரும் என்று வேகமாக நடந்தேன்.

நல்லதம்பி அண்ணன் கிணற்றடியில் நின்றார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"டீச்சர்! என்ன இந்தப் பக்கம், தனியா? தம்பிக்கு ஒண்டும் இல்லயே?"

"அவருக்கு ஒண்டும் இல்ல அண்ணன். சுட்டியன்ட விசயமாத்தான் வந்தன்."

அவர் முகம் மாறியது. துவாயால் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது எனக்குத் தெரியும் டீச்சர். அதச் சொல்ல நீங்க வெயிலுக்க நடந்து வரத் தேவையில்ல. சாப்பாட்டுச் சாமான் இல்லாத நேரம், ஆரும் என்ன செய்யிற? நான் தம்பியில கோவிக்கல்ல."

"என்ன தெரியும்?"

"கலவரத்துக்க அவன அறுத்துப் போட்டது. சந்தையில சொன்னாங்க. அதான் நான் அந்தப் பக்கம் வரல்ல. வந்தா வெறுங் கொட்டிலப் பாக்கணும்... தம்பியும் என்ன சொல்றது எண்டு சங்கடப்படுவார்."

பயத்தில் வராமல் இருக்கிறார் என்று நினைத்தோம். கோபத்தில் வராமல் இருக்கிறார் என்றும் நினைத்தோம். மனிசர் ஒரு வருசமாக இல்லாத மௌத்து ஒன்றுக்குத் துக்கம் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சந்தையில் ஆரோ சொன்ன ஒரு சொல்லை நம்பி!

"அவன் உசிரோட இரிக்கான் அண்ணன்."

அவர் உடனே வீட்டுக்குள் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார், பொத்தானைப் பூட்டாமலே நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சுகமில்லாமல் கிடக்கிறான் என்று மட்டும் சொன்னேன். "வயசு போயிட்டுதானே டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு, கால் உடைந்த கதையை எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

எங்கள் வாசலில் ஆதம்பாவா காக்காவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். அவரைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். இவர் சுட்டியனின் தலைமாட்டில் இருந்தவர், எழும்பினார். இரண்டு பேரும் ஒரு வருசத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் பார்த்தார்கள். இவர் கண் நிறைந்துவிட்டது.

"அறுக்கல்ல அண்ணன்" என்றார். முதல் சொல்லே அதுதான்.

நல்லதம்பி அண்ணன் பக்கத்தில் வந்தார். குந்தினார். நெற்றிச் சுட்டியில் கையை வைத்தார். சுட்டியனின் காது அசைந்தது. அவர் கை கழுத்தால் இறங்கி, முதுகால் இறங்கி, சாக்கு மூடியிருந்த இடத்துக்குப் போனது. சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"எப்ப?"

"ஞாயிறு."

"ஞாயிறா?" அவர் எழும்பிவிட்டார். "இண்டைக்குச் செவ்வாய். ஞாயிறு தொடங்கி இவன இப்பிடியா போட்டு வச்சிரிக்கீங்க?"

"நான் உங்களுக்கு வாக்குத் தந்தன் அண்ணன்... வல்லாஹி எண்டு..."

அப்போது அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"தம்பி, அந்த வாக்க நான் இந்தச் சீவனுக்காகத்தானே கேட்டன். நீங்க அத எனக்காக வச்சிரிந்திரிக்கீங்க."

இவர் தலை குனிந்து நின்றார். அவர் துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "கூப்பிடுங்க உங்கட லெவ்வைய" என்றார்.

ஆதம்பாவா காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அறுக்க முன் தண்ணீர் காட்ட வேண்டும், அது முறை. நல்லதம்பி அண்ணன் என்னிடம் சட்டியை வாங்கித் தானே காட்டினார். சுட்டியன் அவர் கையிலிருந்து குடித்தான். தலையை மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் திருப்ப வேண்டும், அதுவும் முறை. கால் உடைந்து கிடக்கிற மாட்டைத் திருப்புவது இலேசான வேலையா? இவர் உடம்பைப் பிடித்தார், மற்றவர்கள் காலைப் பிடித்தார்கள், தலையை அவர்தான் இரண்டு கையாலும் தாங்கித் திருப்பினார். "மெல்ல, மெல்ல" என்று அவனுக்குச் சொன்னாரா, எங்களுக்குச் சொன்னாரா தெரியாது. எந்தப் பக்கம் திருப்புகிறோம், எதற்குத் திருப்புகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தாங்கினார்.

லெவ்வை கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். நல்லதம்பி அண்ணன் எழும்பி எங்கள் குசினிப் பக்கம் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். பிஸ்மியும் தக்பீரும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளாகக் கேட்ட முனகல் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது என்று எனக்கு விளங்கியது.

இறைச்சி முழுவதும் ஏழை வீடுகளுக்குப் போனது. கோப்பைகளோடு வந்தார்கள், துஆச் செய்துவிட்டுப் போனார்கள். எங்கள் பங்கு என்று ஆதம்பாவா காக்கா ஒரு சட்டியில் கொண்டுவந்து வைத்தார். அதையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். எங்கள் அடுப்பில் அன்றைக்குப் பருப்பும் சோறும். அதையும் ஒருவரும் ஒழுங்காகத் தின்னவில்லை.

நல்லதம்பி அண்ணன் போகிற நேரம் இவர் கேற் வரைக்கும் கூடப் போனார். "பிழையாப் போயிட்டு அண்ணன். பொறுத்துக்கங்க" என்றார்.

"நான் என்ன பொறுக்கிற? நானும் சரியான ஆளில்லயே தம்பி. சந்தையில கேட்டத நம்பிட்டு ஒரு வருசம் வராம இரிந்தவன். ஒரு எட்டு வந்து பாத்திரிந்தா அவனயும் கண்டிரிப்பன், உங்களயும் கண்டிரிப்பன். சரி... ரெண்டு பேரும் பொறுத்துக்குவம்."

இவருடைய கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு போனார். கேற்றுகளில் தலைகள் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

இதை எழுதுகிற நேரம் யோசிக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்று, காப்பாற்று என்று பிள்ளைகளுக்கு நானே எத்தனை தரம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! ஆருக்காகக் காப்பாற்றுவது என்று ஒருநாளாவது எழுதினேனா? மற்றவன் நம்மை என்ன நினைப்பான் என்ற பயம் பிடித்துவிட்டால், நல்ல மனிசர்கூடக் கண் முன்னால் கிடக்கிற வேதனையைக் காணாமல் விடுகிறார். எங்கள் வீட்டுக்காரர் கல்மனசுக்காரர் இல்லை. அந்த இரண்டு நாளும் மாட்டை விட்டு அசையாமல் இருந்தவர் அவர்தான். அவனுக்காக அழுதுகொண்டே அவனை வதைத்தார். இந்தக் காலம் நம்மை அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. கலவரம் செத்தவர்களோடும் எரிந்த வீடுகளோடும் முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். ஒரு வாயில்லாச் சீவன் வரைக்கும் அது வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

முந்தநாள் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்தானே – போகிறவர் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார். நாமும் பொறுத்தோம் என்று சொல்லி அனுப்புவோம். மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசரே பொறுக்காமல் அல்லாஹ்வும் பொறுக்க மாட்டான் என்பது நம் நம்பிக்கை.

அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் வெறும் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நல்லதம்பி அண்ணன் பொறுத்துட்டார். சுட்டியனிட்ட எப்பிடிக் கேக்கிற?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவள் என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இதற்கு என்னிடம் இல்லை. உங்களில் ஆருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், மனிசரிடம் சொல்ல வேண்டும்.